உடைத்தல் × பத்தவைத்தல்: தப்பா, சரியா?

வெல்டிங்_அப்பா, தண்டையார்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். எம் பொண்ணு அஞ்சாவது படிக்குது. நேத்து தமிழ் ஒர்க்‌ஷீட் திருத்தி வந்துச்சு. எதிர்ச்சொல் எழுதச் சொல்லி அஞ்சு வார்த்தை. அது எழுதினது இது:

உடைத்தல் × பத்தவைத்தல்
கிழித்தல் × பின்னுதல்
அறுத்தல் × முடிதல்
இடித்தல் × கட்டுதல்
கலைத்தல் × அடுக்குதல்

அஞ்சுல ஒண்ணுதான் சரியாம், கட்டுதல். மத்ததெல்லாம் சிவப்பு மையில சுழிச்சு, சேர்த்தல், ஒட்டுதல், இணைத்தல், கூட்டுதல்னு எழுதி அனுப்பியிருக்காங்க. முதல் விடைக்கு மட்டும் ஒரு ஆச்சரியக்குறி. "தீ வைக்கச் சொல்லிக் குடுத்தது யாரு"ன்னு கிளாஸ்ல கேட்டாங்களாம். புள்ள வீட்டுக்கு வந்து அழுதுகினு கீது.

நான் வெல்டர். போன வாரம் பக்கத்துத் தெரு அண்ணாத்தயோட மீன்பாடி வண்டி, அதான் மூணு சக்கர சரக்கு வண்டி, முன்பக்கம் உடைஞ்சு ரெண்டு துண்டா வந்துச்சு. வாசல்லயே வெச்சு பத்தவெச்சேன். பொண்ணு கறுப்புக் கண்ணாடிய மூஞ்சிக்கு நேரா புடிச்சுகினு தள்ளி நின்னு பாத்துச்சு. உடைஞ்சது ஒண்ணாச்சு, வண்டி ஓடுச்சு. அது அதத்தான் எழுதியிருக்குது. எனக்கு இதுல இன்னா தப்புன்னு புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_படிக்கிறவன்

கலைத்தலுக்குக் கூட்டுதலா? எங்க வீட்ல நான் கலைச்சுப் போடுவேன், எங்கம்மா கூட்டுவாங்க. தொடப்பத்தால. அந்த வகையில டீச்சர் சொன்னது சரிதான்.

டீச்சரம்மா, கொருக்குப்பேட்டை

அந்த ஆசிரியைக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பிள்ளைகள் எழுதுவதை ஒரே மாலையில் திருத்துகிறோம். ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் கேட்ட வார்த்தையை எழுதினால், எது புரிந்து எழுதியது, எது வாய்க்கு வந்தது என்று பார்க்க நேரமில்லை. கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் இருப்பதுதான் விடை. நாளைக்குப் பொதுத்தேர்வில் முகம் தெரியாத ஒருவர் திருத்துவார். அவர் மீன்பாடி வண்டியைப் பார்த்திருக்க மாட்டார்.

"பற்றவைத்தல்" என்றால் பொதுவாக என்ன பொருள்? அடுப்பைப் பற்றவை, விளக்கைப் பற்றவை. ஊருக்குள் சண்டை மூட்டிவிடுகிறவனைக்கூட "பத்தவெச்சுட்டான்" என்போம். உடைப்பதற்கு எதிர்ச்சொல் கொளுத்துவது என்று ஒரு குழந்தை எழுதினால் நானும் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவேன். ஆனால் வகுப்பில் எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம், அது தப்பு.

காசிமேட்டுக்காரி

டீச்சர், பத்தவைக்கிறத விடுங்க. கிழித்தல் × பின்னுதல் எப்படித் தப்பாவும்? எங்க வீட்ல வந்து யாராவது கிழிஞ்ச வலைய "ஒட்டு"ன்னு சொன்னா எங்கப்பா சிரிச்சே செத்துருவாரு. வலைய எதை வெச்சு ஒட்டுவ, பசையா?

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போவாது. அந்த ரெண்டு மாசம் ஹார்பர் பக்கம் வந்து பாருங்க, பாதிப் பேரு படகுக்குப் பெயின்ட் அடிப்பாங்க, பாதிப் பேரு நிழல்ல உக்காந்து வலை பின்னிகினு இருப்பாங்க. கால் கட்டைவெரல்ல வலைய மாட்டி இஸ்துப் புடிச்சுகினு, கையில பிளாஸ்டிக் ஊசி. அந்த ஊசி நீங்க நெனைக்கிற ஊசி இல்ல, சாண் நீளம், உள்ளேயே நூல் சுத்தியிருக்கும்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. கிழிஞ்ச வலைய எடுத்த எடுப்புல பின்ன முடியாது. மொதல்ல கத்திய எடுத்து ஓட்டையச் சுத்தி இன்னும் அறுப்பாங்க. பிசிறு பிசிறா தொங்குற கண்ணியெல்லாம் வெட்டித் தள்ளி, நல்ல முடிச்சு வர்ற வரைக்கும் போவணும். கையளவு ஓட்டை, தட்டளவு ஆயிரும். புதுசாப் பாக்கிறவனுக்கு அப்பா வலைய நாசம் பண்ற மாதிரி தெரியும். அதுக்கப்புறம்தான் பின்னல். அறுக்காம பின்னினா கண்ணி கோணிக்கும், மீன் அந்த எடத்துலயே கிழிச்சுகினு போயிரும்.

அறுத்தல் × முடிதல்னு புள்ள எழுதியிருக்கே, அது எங்காளுங்க வீட்ல எதையோ பாத்துட்டுத்தான் எழுதியிருக்கு. நூல் அறுந்தா முடிவோம். "இணை"க்க மாட்டோம்.

வெல்டிங்_அப்பா

அக்கா கரெக்டா புடிச்சுட்டீங்க. எங்க மாமியார் வூடு காசிமேடுதான். பொண்ணு லீவுக்கெல்லாம் அங்கதான்.

யாப்புப்பைத்தியம், பெரம்பூர்

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1955இல் தொடங்கிய இடம் அது. உள்ளே நுழைந்தால் காதில் விழுகிற வார்த்தைகளில் பாதி "பத்தவை"தான். பாப்பா எழுதியது தவறே இல்லை என்பேன். தமிழ் இலக்கணமே பாப்பா பக்கம் நிற்கிறது, சொல்கிறேன் கேளுங்கள்.

பொற்கொல்லர் நகையில் இரண்டு துண்டை ஒட்ட வைக்கும் பொடிக்குப் "பற்றாசு" என்று பெயர். சவுகார்பேட்டைப் பட்டறைகளில் "பொடி வெச்சு ஊதறது" என்பார்கள். நாம் "பொடி வைத்துப் பேசுறான்" என்கிறோமே, அதுவும் அந்த ஊதுகுழலிலிருந்து வந்தது என்பார்கள்.

இனி வெண்பாவுக்கு வருவோம். இரண்டு குறள் வெண்பாவை நடுவில் ஒரு தனிச்சொல் போட்டு இணைத்தால் நேரிசை வெண்பா. சில சமயம் முதல் குறளின் கடைசிச் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவே ஓசை விட்டுப்போகும். அங்கே ஓரசையோ ஈரசையோ வைத்துப் பிடிப்பார்கள். அதன் பெயர் "ஆசு". பாட்டின் பெயர் ஆசிடை நேரிசை வெண்பா. தட்டான் பற்றாசு வைக்கிற மாதிரி புலவன் அசையை வைக்கிறான் என்றுதான் உரைக்காரர்கள் விளக்குகிறார்கள். யாப்பிலேயே வெல்டிங் இருக்கிறது!

இதே "ஆசு"க்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. "ஆசற்றார்" என்றால் குற்றமில்லாதவர். குறைக்கும் குறையை மூடுகிற பொடிக்கும் ஒரே பெயர். முப்பது வருஷம் வெல்டிங் ஷாப்பில் இருந்த எனக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. ஒட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

எம்சிரோடு_தையல்

கிழித்தலுக்குத் தைத்தல்னு எழுதியிருந்தா நான் முழு மார்க் போட்டிருப்பேன். ஆனா ஒரு சந்தேகம். கால்ல முள்ளு "தைச்சிடுச்சு"ன்னும் சொல்றோம், சட்டை "தைச்சாச்சு"ன்னும் சொல்றோம். குத்திக் கிழிக்கறதும் தை, கிழிஞ்சதை மூடறதும் தை. மெஷின் ஊசியப் பாத்தா ரெண்டும் ஒரே வேலைதான்னு தெரியும். ஓட்டை போடாம எங்கருந்து தைக்கறது?

அப்புறம் தைச்சதைப் "பிரிக்கறது"ன்னுதான் சொல்வோம், "கிழிக்கறது"ன்னு சொல்ல மாட்டோம். கிழிக்கற ஆள் வேற, பிரிக்கற ஆள் வேற. பிரிக்கறவன் துணியக் காப்பாத்தறான்.

சும்மா_படிக்கிறவன்

எங்க ஏரியால "நீ இன்னா கிழிச்ச?"ன்னா "என்ன சாதிச்ச?"ன்னு அர்த்தம். அப்போ எதிர்ச்சொல் "சும்மா இருத்தல்".

மாவுக்கட்டு, ராயபுரம்

பேரைப் பாத்தே புரிஞ்சிருக்கும், ரெண்டு வருஷம் முன்னாடி பைக்ல விழுந்து கை முறிச்சுக்கிட்டவன். முறிதலுக்கு எதிர்ச்சொல் யாரும் சொல்லல. நான் சொல்றேன்: கூடுதல்.

எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டரும் சரி, எங்க பாட்டியும் சரி, ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "எலும்பு கூடிடுச்சு." ஒட்டிடுச்சுன்னு சொல்லல, கூடிடுச்சு. கட்டுப் போட்டது டாக்டர். ஆனா கூட்டினது அவர் இல்ல, எலும்பு அதுவாவே கூடிச்சு. அவர் செஞ்சதெல்லாம் ஆடாம அசையாம நேரா புடிச்சு வெச்சது.

பக்கத்துப் பெட்ல ஒருத்தர், வேற எங்கயோ கட்டுப் போட்டு எலும்பு கோணலாக் கூடிப்போய் வந்திருந்தார். அவருக்கு அதை மறுபடி உடைச்சுத்தான் நேரா வெச்சாங்க. காசிமேட்டு அக்கா வலை கதையப் படிச்சப்ப அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

டீச்சரம்மா

மாவுக்கட்டு, நீங்கள் தெரியாமலே ஒரு இலக்கணப் பாடம் நடத்திவிட்டீர்கள்.

உடைந்தது, உடைத்தான். கிழிந்தது, கிழித்தான். முறிந்தது, முறித்தான். அழிந்தது, அழித்தான். சிதைந்தது, சிதைத்தான். கலைந்தது, கலைத்தான். கெடுக்கிற வினைகளில் பெரும்பாலானவை இப்படித் தன்வினையும் பிறவினையுமாக ஜோடியாக வருகின்றன. பாத்திரம் தானே உடையும், நாமும் உடைக்கலாம்.

இனி சரிசெய்கிற வினைகளைப் பாருங்கள். தைத்தான். சட்டை தானாகத் "தைந்தது" என்று சொல்ல முடியுமா? பின்னினாள். வலை தானாகப் பின்னிக்கொண்டால் அது சிக்கல், அதைப் பிரிக்க வேறு ஆள் வேண்டும். பற்றவைத்தான், இதற்கும் தன்வினை கிடையாது. "பற்றிக்கொண்டது" என்றால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். கெடுவது தானாக நடக்கும், சரியாவதற்கு ஆள் வேண்டும் என்பதை வினைச்சொல்லே வைத்திருக்கிறது. விதிவிலக்கு உடம்பு. எலும்பு கூடும், புண் ஆறும், முடி முளைக்கும்.

சேர், இணை போன்ற பொதுவான சொற்கள் இரண்டு பக்கமும் வரும்: சேர்ந்தது, சேர்த்தான். இணைந்தது, இணைத்தான். விடைக்குறிப்பு எழுதியவர் அதனால்தான் "சேர்த்தல்" என்று பிடித்தாரோ என்னவோ. வள்ளுவரும் அமைச்சனுக்குச் சொல்லும்போது "பிரித்தலும் பேணிக் கொளலும் பிரிந்தார்ப் பொருத்தலும்" என்கிறார். பிரித்தலுக்கு எதிரே பொருத்தல். பொதுவான சொற்களுக்கும் ஒரு இடம் உண்டு என்பதுதான் என் கட்சி.

வெல்டிங்_அப்பா

டீச்சர், நீங்க சொன்னது நல்லாப் புரிஞ்சுது. ஆனா சேர்த்தலுக்கும் பத்தவைக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க.

வார்ப்பிரும்பு பம்ப் ஒண்ணு, பாடியில விரிசல் விட்டு வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. ரெண்டு பக்கத்தையும் சேத்து வெச்சா தண்ணி ஒழுகும். நான் மொதல்ல விரிசலோட ரெண்டு முனையிலும் சின்னதா டிரில் போட்டு ஓட்டை பண்ணுவேன், விரிசல் அதுக்கு மேல ஓடக்கூடாது. அப்புறம் கிரைண்டர் வெச்சு விரிசலையே பள்ளமாத் தோண்டுவேன். அதுக்கப்புறம் சூடு பண்ணி, நிக்கல் ராடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா, நடுநடுவே சுத்தியால லேசாத் தட்டி. கடைசியில சாம்பல்லயோ காஞ்ச மணல்லயோ பொதைச்சு வெச்சுருவேன், மெதுவா ஆறணும். அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தினா "டிங்"குன்னு ஒரு சத்தம் வரும். பத்தவெச்ச எடத்துக்குப் பக்கத்துலயே புதுசா விரிசல். அந்தச் சத்தம் கேட்டா அன்னிக்குச் சோறு எறங்காது.

அக்கா சொன்ன கத்தி, இவரு சொன்ன எலும்பு, தையல்காரர் சொன்ன ஊசி, எல்லாம் இதேதான் போல.

காசிமேட்டுக்காரி

அண்ணே, நம்ம கட்டுமரமும் அப்படித்தான். இப்ப எல்லாம் ஃபைபர் போட்டு வந்துருச்சு. எங்க தாத்தா காலத்துல கடலுக்குப் போயிட்டு வந்தா கயித்த அவுத்து மரத்தத் தனித்தனியாக் கரையில காயப்போடுவாங்க. மறுநாள் திரும்பக் கட்டுவாங்க. அவுத்ததை "உடைச்சுட்டாங்க"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இப்ப ஓடாத விசைப்படகைப் பலகை பலகையாப் பேத்து எடுக்கறாங்களே, அதுக்குத்தான் "உடைக்கப் போட்டாச்சு"ம்பாங்க. கட்டறதுக்கு எதிர்ச்சொல் அவுக்கறதும் உண்டு, இடிக்கறதும் உண்டு. கட்டினது கயித்தாலயா செங்கல்லாலயான்னு பாக்கணும்.

வியாசர்பாடி_வாசி

இடித்தல் × கட்டுதல் பத்தி யாரும் வாயைத் திறக்கல, அது சரின்னு விட்டுட்டீங்க. எங்க பக்கம் அது எதிர்ச்சொல்லே இல்ல, ஒரே சொல். "இடிச்சுக் கட்டறாங்க." பழைய ஹவுசிங் போர்டு பிளாக்கு மேல சிமென்ட் உதிர ஆரம்பிச்சதும் எங்கம்மா பக்கத்து வீட்டுல சொன்னது, "நம்ம பிளாக்கையும் இடிச்சுக் கட்டப் போறாங்களாம்." வெறுமனே "இடிக்கறாங்க"ன்னு ஒரு தடவ கூட அவ வாயில வரல. கட்டறதைச் சேத்துச் சொன்னாத்தான் அவளுக்கு மூச்சு வரும்.

இந்த பிளாக்கெல்லாம் கட்டின வாரியத்தோட பேரே 1970லேருந்து "குடிசை மாற்று" வாரியம்தான். 2021ல "நகர்ப்புற வாழ்விட மேம்பாடு"ன்னு ஆச்சு. ரெண்டுலயும் இடிங்கற சொல் கிடையாது. மாற்றுன்னா இடிக்கறதும் கட்டறதும் ரெண்டும் உள்ள அடங்கிப் போச்சு பாருங்க.

யாப்புப்பைத்தியம்

வாசி தம்பி சொன்னதற்கு இலக்கணத்தில் ஒரு அண்ணன் இருக்கிறான். தாலிக்கயிறு அறுந்தால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "அறுந்தது" என்று சொல்லவே மாட்டார்கள். "பெருகிடுச்சு" என்பார்கள். விளக்கை அணைப்பதைக் "குளிர வை" என்பார்கள். மங்கலம் என்று தகுதி வழக்கில் படித்திருப்பீர்கள். கெட்ட சொல் இருக்க வேண்டிய இடத்தில் அதன் எதிர்ச்சொல்லையே தூக்கி உட்கார வைப்பது. பாப்பா நாளைக்கு "அறுத்தல் × பெருகுதல்" என்று எழுதினாலும் என் கையில் அரை மார்க் உண்டு.

வள்ளுவரை டீச்சர் இழுத்ததால் நானும் ஒன்று. மழையைப் பற்றி, "கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை." கெடுப்பது × எடுப்பது. ஒரே எழுத்து வித்தியாசம், மோனை மாறாமல் எதுகையில் நிற்கிறது. எடுப்பது என்றால் தூக்கி நிறுத்துவது. கெடுத்ததும் அதுவே, எடுத்ததும் அதுவே.

டீச்சரம்மா

ஐயா, "மோனை மாறாமல்" என்பது சரியில்லை. க-வுக்கும் எ-வுக்கும் மோனை கிடையாது. எதுகை மட்டும்தான்.

யாப்புப்பைத்தியம்

ஒப்புக்கொள்கிறேன். பைத்தியம் என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு இதுவாவது செய்ய வேண்டாமா.

காசிமேட்டுக்காரி

குறள் நல்லாத்தான் கீது. எங்க சித்தி வூடு எண்ணூர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை வந்து வடிஞ்சப்ப, ஆத்து மேல எண்ணெய் மெதந்து வந்துச்சு. மழை எடுத்துக் குடுத்தது அதத்தான். போட்டு, வலை, கரை, நண்டு, எல்லாத்து மேலயும் கறுப்பா ஒட்டிகிச்சு. சித்தப்பா வலைய மண்ணெண்ணெய்ல தோய்ச்சு, சோப்புப் போட்டு, ரெண்டு நாள் அடிச்சுப் பாத்தாரு. போவல. கிழிசல் ஒண்ணு கூட இல்ல, அப்படியே முழுசாத் தூக்கிப் போட்டாங்க.

கிழிஞ்ச வலைக்கு எதிர்ச்சொல் இருக்குது. அதுக்கு இன்னான்னு போடுவீங்க?

மாவுக்கட்டு

அக்கா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

எம்சிரோடு_தையல்

கொஞ்சம் பேச்சை மாத்தறேன். "பொத்து"ன்னு ஒரு சொல்லு இருக்கு, யோசிச்சீங்களா? "வாயைப் பொத்து"ன்னா மூடு. "வானம் பொத்துக்கிட்டு ஊத்துது"ன்னா ஓட்டை ஆயிடுச்சு. பாத்திரத்துல "பொத்தல்"னாலும் ஓட்டைதான். பொத்தலைப் பொத்தணும்! எதிர்ச்சொல் எழுதுகன்னு கேட்டா ரெண்டு பக்கமும் அதே சொல்லை எழுதிட்டு வரலாம்.

சும்மா_படிக்கிறவன்

மீன் மார்க்கெட்ல ஐஸ் பாரை உடைக்கறான். உடைச்ச துண்டைப் பெட்டியில கொட்டி அரை மணி விட்டா திரும்ப ஒண்ணா ஒட்டிக்கினு பாறையாக் கீது. இது தன்வினையா டீச்சர்?

டீச்சரம்மா

தன்வினையேதான், "உறைந்தது". நீங்கள் இந்த இழையில் எழுதியதிலேயே உருப்படியானது இது. என் பட்டியலில் உடம்போடு ஐஸையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வெல்டிங்_அப்பா

எல்லாத்துக்கும் நன்றி. இந்த இழைய பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். வெண்பா புரியல, பொத்தலைப் பொத்தறது புடிச்சிருக்குது.

இன்னிக்கு நானே ஸ்கூலுக்குப் போயி டீச்சரைப் பாத்தேன். சண்டைக்கு இல்ல. பத்தவைக்கறதுன்னா எங்க தொழில்ல இதான்னு சொன்னேன். நல்லாத்தான் பேசினாங்க. பொண்ணு இப்படித்தான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன்னாங்க. பின்னுதலுக்கும் முடிதலுக்கும் மார்க் போட்டுட்டாங்க. பத்தவைத்தலைப் "பற்றவைத்தல்"னு றகரம் போட்டுத் திருத்தி, அதுக்கும் போட்டாங்க. அடுக்குதலுக்கு மட்டும் போடல. கலைத்தலுக்குக் கூட்டுதல்தான்னு ஒரே புடியா நிக்கறாங்க.

பொண்ணு வர்ற வழியில கேக்குது, "அப்பா, கூட்டத்தைக் கலைச்சா கூட்டுதல் சரி. சீட்டுக்கட்டைக் கலைச்சா?" அதுக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. யாராவது சொல்லுங்க.

யாப்புப்பைத்தியம்

சீட்டைக் கலைக்காமல் ஆட்டமே ஆரம்பிக்காதே. கலைத்தல் × போடுதல்?

சும்மா_படிக்கிறவன்

அஞ்சாவது படிக்கிற புள்ளைக்குச் சீட்டுக்கட்டு எங்கருந்து தெரியும்? வெல்டிங் அண்ணே, ராத்திரி ஷெட்ல இன்னா நடக்குது?